பதில்: அப்பா நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார்

மன்னார்குடி நண்பருக்கு, இருபது வருடமாகக் குடிக்கும் அப்பா இப்போது குடிக்காத நாளிலும் தள்ளாடுகிறார், வாய் கூசாமல் பொய் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது பொய்யாக இருக்காது. என் பெரியப்பா மூன்று வாரமாகக் கட்டிலில் கிடந்தபடியே, "மதகைத் திறந்துவிட்டு இப்பத்தான் வர்றேன்" என்பார். மறதியின் ஓட்டையை மூளையே கதை வைத்து அடைக்கிறது. இந்த மறதி நோயைக் கோர்சகாஃப் என்பார்கள்.

காரணம் தயமின், அதாவது வைட்டமின் பி1 பற்றாக்குறை. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். குடி அதைக் குடலில் சேரவிடாது. (நம் புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட பி1 அதிகம்தான், சோறு இறங்கினால்தானே!)

இந்தப் பற்றாக்குறை கண்ணிலும் தெரியும்: கருவிழி தானாக ஆடுகிறதா, அவருக்கு எல்லாம் இரட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எப்படியானாலும் இன்றே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் 108. அவர் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பெரியப்பா குடித்ததை நாங்கள் மானம் பார்த்து மறைத்தோம். வெறும் குளுக்கோஸ் ஏற்றினார்கள், குழப்பம் கூடிவிட்டது. குளுக்கோஸுக்கு முன்னாலோ கூடவோ தயமின் ஊசி போகவேண்டும். இந்த நிலையில் மாத்திரை போதாது. கண்ணும் நடையும் தேறலாம், ஞாபகம் முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

அப்புறம், வீட்டிலேயே வைத்துக் குடியைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம்.