நூற்று நாலு டிகிரிக்கு மாத்திரையா, வாளித் தண்ணீரா?

கேள்வி: அண்ணாச்சி, சென்ட்ரிங் வேலை பார்க்கிறோம். சித்திரை மாதம், உச்சிப் பொழுதில் கூட வேலை பார்த்த பையன் உளறிக்கொண்டே சரிந்துவிட்டான். உடம்பு அனலாய்க் கொதித்தது. ‘சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும்’ என்று பெரியவர் ஒருவர் தடுத்து, பாரசிட்டமால் கொடுத்து, வேர்க்கட்டும் என்று போர்த்திவிட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் செம திட்டு. காய்ச்சலுக்குச் செய்வதைத்தானே செய்தோம்?
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: ஆமாம், காய்ச்சலுக்குச் செய்வதைத்தான் செய்தீர்கள். அவனுக்குக் காய்ச்சல் இல்லை என்பதுதான் சிக்கல். திட்டு நியாயமானது.

உடம்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். வழக்கமாக அந்த அளவு 98.6 டிகிரியை ஒட்டியே இருக்கும். கிருமி புகுந்தால் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடி, அந்த அளவே 102, 103 என்று உயர்ந்துவிடும். அதை எட்டத்தான் உடம்பு தோலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குகிறது, தசையை நடுக்குகிறது. கைகால் சில்லிட்டு நாம் போர்வை தேடுகிறோம். பாரசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து, அளவைக் கீழே இறக்குகிறது. மிச்சச் சூட்டைத் தள்ள அப்போது வேர்க்கிறது. வேர்த்ததால் காய்ச்சல் விடுவதில்லை, விடுவதால்தான் வேர்க்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாம் பிள்ளைகளைப் போர்த்தி அவித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பையனின் மூளை 98.6-ஐத்தான் கேட்டது. உடம்பால் முடியவில்லை. 60 கிலோ ஆள் கடுமையாக வேலை செய்தால் மணிக்கு 300 கலோரிக்குக் குறையாமல் சூடு உண்டாகும். அது வெளியேறாமல் தங்கினால் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 2 டிகிரி ஏறிவிடும். தோலின் சூடு 95 டிகிரி சுமார். காற்று அதைத் தாண்டினால் சூடு வெளியிலிருந்து உள்ளே வரத் தொடங்கும். சித்திரையில் சுடுகிற கம்பியும் பலகையும் வேறு. அப்புறம் மிஞ்சுகிற ஒரே வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி போகும். ஆவியானால் மட்டும்தான்! சொட்டிக் கீழே விழுந்தது வீண். உவரிக் கரையில் 92 டிகிரிக்கே புழுங்கிச் சாகிறோம், பாளையங்கோட்டையில் 100-ஐச் சமாளிக்கிறோம் என்றால் காரணம் கடற்கரை ஈரப்பதம்தான். காவல்கிணறு, பணகுடிப் பக்கம் வேறொரு ஏமாற்று உண்டு. கணவாய்க் காற்றில் வியர்வை தெரியுமுன்பே காய்ந்துவிடும். ‘எனக்கு வேர்க்கவே இல்லை’ என்று தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருக்கும், அதைப் பாருங்கள்.

வெயிலில் வேலை செய்தவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்சூடு 104-ஐத் தாண்டியிருக்கும். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் குறைத்தே காட்டும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ‘வேர்க்கிறதே’ என்றும் ஏமாறாதீர்கள். உழைத்து விழுந்தவனுக்கு வேர்த்துக்கொண்டே இருக்கலாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் நிழலுக்குத் தூக்கிச் சட்டையைக் கழற்றுங்கள். கான்கிரீட்டுக்கு க்யூரிங் அடிக்கிற ஹோஸ் அங்கேதானே கிடந்தது? அதை எடுத்துத் தலை முதல் கால்வரை நனையுங்கள், விடாமல் விசிறுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர், அது போகட்டும். மாடித் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான், உதவாது. ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள், அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால்தான் மூளையும் சிறுநீரகமும் தப்பும். பெரியவர் பயந்த ஜன்னி தண்ணீரால் வருவதில்லை. இறங்காத சூட்டால்தான் வலிப்பே வரும். லேசாக நடுங்கினால் நடுங்கட்டும்.

மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. இறக்குவதற்கு உயர்ந்த அளவு ஏது? வெந்து நோகும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. நினைவு தப்பியவன் வாயில் எதையும், தண்ணீரைக்கூட, ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீராகவே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அதுவும் மயக்கத்தில்தான் முடியும். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் இதற்குப் போதும், கலர் பாட்டில் வேண்டாம்.

பையன் வேலைக்கு வந்து எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. புது ஆள்தான் பெரும்பாலும் விழுவான். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகியபின் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் இன்னொரு பங்கு என்று கூட்டுங்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வருகிறவனும் புது ஆள்தான். சளிக்கும் அரிப்புக்கும் தூக்கம் தருகிற பழைய வகை மாத்திரை போட்டவன், முந்தின இரவு குடித்தவன் இவர்களை அன்றைக்கு மேலே ஏற்றாதீர்கள்.