மழை பிந்துகிறது, விதை இன்னும் மூட்டையில்: காப்பீடு செய்யலாமா?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் 3 ஏக்கர் மானாவாரிக் கரிசல். மக்காச்சோளம் போட உழுது வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். விதைக்காத நிலத்துக்குப் பயிர்க் காப்பீடு செய்ய முடியுமா? மழை பெய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஊரில் ஒருவர்.

பதில்: முடியும். அந்த ஊர்க்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். மழை பிந்தினாலும் கடைசித் தேதி பிந்தாது. பயிருக்கும் மாவட்டத்துக்கும் தேதி மாறும். வேளாண் உதவி அலுவலரிடம் இன்றே கேளுங்கள், அல்லது பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குப் போன் செய்யுங்கள். விதைக்கப் போகிறீர்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விதைப்புச் சான்று வாங்குங்கள். "முளைத்த பிறகு வாருங்கள், அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற ஊர்ப் பதிவேட்டின் நகல்) தருகிறேன்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. முளைக்க மழை வேண்டும், மழை வருவதற்குள் தேதி முடிந்துவிடும். இது அவர்களுக்குத் தெரியாதா என்ன? விடாமல் கேளுங்கள்.

ராபி (குளிர்காலப்) பருவ மக்காச்சோளத்துக்கு நீங்கள் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். தொகை 20,000 ரூபாய் என்றால் 300 ரூபாய். பொதுச் சேவை மையத்தில் இதற்கு மேல் கட்டணம் கேட்கக் கூடாது; அவர்களுக்கான கூலியைக் காப்பீட்டு நிறுவனமே தருகிறது.

இனி புரோக்கர் விஷயம். "சர்வே நம்பரை மட்டும் கொடுங்க, வர்ற பணத்தில் பாதி" என்று வருவார். பாஸ்புக்கைக் கொடுக்காதீர்கள். "72 மணி நேரத்துக்குள் புகார் போட்டால் பணம் நிச்சயம்" என்றும் சொல்வார். அந்தக் கெடு ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குவது போன்றவற்றுக்கு. வறட்சிக்கு உங்கள் வயலைத் தனியாக யாரும் பார்க்க வர மாட்டார்கள். ஊர் அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி முடிவு செய்வார்கள். சேவை மையத்தில் தரும் ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு, ஊர், பயிர், வங்கிக் கணக்கு எல்லாம் சரியா? பரப்பு ஹெக்டேரில் இருக்கும்: 3 ஏக்கருக்கு 1.21 என்று வர வேண்டும். 0.12 என்று அடித்துவிட்டால் பிறகு நாயாய் அலைய வேண்டியதுதான்.

சரி, மழை வராமலே போனால்? விதைக்க முடியாமல் போனதற்கும், விதைத்தும் முளைக்காததற்கும் ஒரு விதி இருக்கிறது. உங்கள் நிலம் மட்டும் தரிசாகக் கிடந்தால் அது பொருந்தாது. அறிவிக்கப்பட்ட காப்பீட்டுப் பகுதியில், அந்தப் பயிருக்கான பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைப்பு பொய்த்திருக்க வேண்டும். அதை மாநில அரசு அறிவிக்கவும் வேண்டும். அப்போது காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். அத்தோடு அந்தப் பருவத்துக் காப்பீடு முடிந்தது. பக்கத்து ஊரில் கிடைத்ததே என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது வேறு பகுதியாக இருக்கலாம். அறிவிப்பு வந்த பிறகு புதிதாகச் சேரவும் முடியாது.

மனம் மாறி உளுந்து போட்டால், கடைசித் தேதிக்கு முன்பே தெரிவித்து ரசீதில் பயிரை மாற்றுங்கள். விதை வாங்கிய பில்லையும் பத்திரமாக வையுங்கள்.