லிண்டி ஏன் அழவில்லை?

ஐயா, வணக்கம். ஒரு கொலை வழக்கு விசாரணையின் காணொளியைப் பார்த்தேன். கூண்டில் நின்றவர் கடைசிவரை முகத்தில் எதையுமே காட்டவில்லை. ‘இவர்தான் செய்திருப்பார்’ என்று எனக்குத் தோன்றிவிட்டது. தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஜூரிகளும் இப்படித்தான் முடிவெடுப்பார்களா? முகத்தைப் பார்ப்பதில் என்ன தவறு?
ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அப்படித் தோன்றும்போதெல்லாம் லிண்டி சேம்பர்லைன் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

1980 ஆகஸ்ட் 17 இரவு. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அருகே போட்டிருந்த கூடாரத்திலிருந்து அவருடைய ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனாள். டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப்போய்விட்டது என்று அந்த இரவிலேயே கத்தினார். குழந்தையின் உடல் கிடைக்கவே இல்லை. தொலைக்காட்சியில் பேசியபோது லிண்டி அழவில்லை, நிதானமாகப் பதில் சொன்னார். பெற்றவள் இப்படியா பேசுவாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நீதிமன்றத்துக்கு அவர் என்ன உடை உடுத்தி வந்தார் என்பதுகூடச் செய்தியானது. கண் கலங்கினால் நடிப்பு, கலங்காவிட்டால் கல்நெஞ்சு.

1982 அக்டோபரில் டார்வின் நகர ஜூரி, மகளைக் கொன்றது அவர்தான் என்றது. ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. கொலைக்கு ஒரு காரணத்தைக்கூட அரசுத் தரப்பு காட்டவில்லை. லிண்டி கூடாரத்திலிருந்து திரும்பி வந்த பிறகும் குழந்தை அழுத சத்தம் கேட்டது என்று பக்கத்தில் தங்கியிருந்த பெண் சாட்சி சொல்லியிருந்தார். அவர்கள் குடும்பக் காரின் முன்பலகைக்கு அடியில் தெறித்திருந்தது குழந்தையின் ரத்தம் என்றார்கள். பின்னால் சோதித்தால், அது இரைச்சலைக் குறைக்கத் தொழிற்சாலையில் அடித்த தார்க்கலவை!

ஜூரிகளை நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். ரத்தப் பரிசோதனை பற்றி இரண்டு தரப்பு நிபுணர்களும் மாறி மாறிப் பேசினால் சாதாரண மனிதர் என்ன செய்வார்? தனக்குப் படிக்கத் தெரியும் என்று நினைக்கிற ஒன்றைத்தான் படிப்பார். அது முகம்.

அன்று மகள் வெள்ளைப் பின்னல் சட்டை போட்டிருந்தாள் என்று லிண்டி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சட்டையே இல்லை என்றது அரசுத் தரப்பு. 1986 பிப்ரவரியில் உலுருவில், டிங்கோக்களின் வளைகள் இருந்த பகுதியில், பாதி மண்ணுக்குள் புதைந்து அது கிடைத்தது. சில நாட்களில் அவரை விட்டார்கள். 1988இல் தண்டனை ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவாக 2012 ஆனது.

என் பெரியப்பா இறந்த அன்று பெரியம்மா அழவே இல்லை. வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தார். ‘ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே’ என்று திண்ணையில் பேசிக்கொண்டார்கள். அப்போது நானும் அதை நம்பினேன். இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

அந்தக் காணொளியை இன்னொரு முறை பார்ப்பீர்கள் என்றால், முகத்தை விட்டுவிடுங்கள். சாட்சிகள் சொன்னதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர்தான் செய்தார் என்பதற்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.