ஒதிலோன் ரெதோனின் பூச்சாடிகள்: கேள்வி பதில்

கேள்வி: மிதக்கும் கண், சிரிக்கும் சிலந்தி என்று கரியில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் ரெதோன் எப்படிப் பூக்களுக்கு வந்தார்?

பதில்: 1840இல் போர்தோவில் பிறந்தவர். ஐம்பது வயதுவரை அவர் கவனமெல்லாம் பெரும்பாலும் கரியிலும் லித்தோகிராஃபிலும்தான் (கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறை). 1886இல் முதல் குழந்தையைப் பறிகொடுத்தார், 1889இல் மகன் ஆரி பிறந்தான், அதன் பிறகு நிறம் வந்தது என்பார்கள். ஆனால் பூ அதற்கு முன்பே அவரிடம் இருந்தது. இளமையில் அர்மான் கிளாவோ என்ற தாவரவியலாளர் நுண்ணோக்கி வழியே தெரியும் செடியுலகை அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1885இல் வந்த லித்தோகிராஃப் ஒன்றில் சதுப்புநிலச் செடியொன்று சோகமான மனித முகத்தைப் பூத்து நிற்கிறது. பிற்காலப் பூச்சாடிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே கைதான்.

கேள்வி: ரெதோன் சிம்பலிச ஓவியராயிற்றே. சிம்பலிசம், அதாவது குறியீட்டுக் கலை என்றால் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் அர்த்தம் இருக்குமே?

பதில்: ரெதோனிடம் அப்படித் தேடினால் ஏமாற்றம்தான். அவரிடம் மர்மம் பூவின் பெயரில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. சாடிக்குக் கீழே பாருங்கள். பல படங்களில் மேசை விளிம்பே இராது. சுவர் எது, காற்று எது என்று பிரிக்க முடியாது. அவர் காலத்து ஓவியரான ஃபான்தேன்-லாத்தூர் வரைந்த ரோஜா ஓர் அறைக்குள் இருக்கிறது. ரெதோனின் பாப்பி எந்த அறையிலும் இல்லை. எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது இதனால்தான்.

கேள்வி: பூக்கள் கற்பனையா?

பதில்: முழுக்க இல்லை. பாரிசுக்கு அருகிலுள்ள பியேவ்ரில் கோடையைக் கழித்தபோது மனைவி கமீய் தோட்டத்துப் பூக்களைப் பறித்துச் சாடியில் அடுக்கித் தருவார். அதைப் பார்த்துத் தொடங்கி, நினைவிலிருந்தும் பூக்களைச் சேர்த்துக்கொள்வார்.

கேள்வி: இந்தப் பூச்சாடிகளை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்துப் பழக ஆசை. பளபளப்பு வந்து கெடுக்கிறது.

பதில்: எண்ணெய் கூடினாலும் வார்னிஷ் பூசினாலும் பளபளக்கும். வண்ணத்தை டர்பன்டைனில் கொஞ்சம் நீர்க்கவிட்டு மெல்லிசாகப் பூசுங்கள். பாஸ்டல் எனும் உலர்ந்த வண்ணக் குச்சியில் வரைந்த மாதிரி மங்கலாக நிற்கும். அப்புறம், பின்புலத்தை முதலில் போடுங்கள், ஒரே நிறமாக வேண்டாம். வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் 1910 வாக்கில் வரைந்த பூச்சாடி ஒன்று எண்ணெய் வண்ணத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.