மிதிவண்டிச் சக்கரத்தின் வரைபடம் பொருந்தாதது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம். பினாங்கில் உங்கள் ஐந்தாம் படிவ மாணவர்கள், கவிழ்த்து நிறுத்திய மிதிவண்டியின் சக்கரத்தில் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டி, அது அடிப்புள்ளியிலிருந்து சுழல்வதைப் படம்பிடித்ததாகவும், சைன் வாய்பாட்டில் வரைந்தால் ஏறத்தாழ நேர்க்கோடே வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அச்சின் உயரம் 50 செ.மீ., ஆரம் 30 செ.மீ., ஒரு சுற்றுக்கு 4 விநாடி என்பவை நீங்கள் தந்த அளவுகள்.

கணிப்பான் பாகை முறையில் இருப்பதே இதற்குக் காரணம். விநாடிக்கு 1.57 என்று நீங்கள் இட்ட கோண வேகம் ரேடியன் என்ற கோண அலகில் அமைந்தது (1.57 ரேடியன் என்பது ஏறத்தாழ 90 பாகை). அதைப் பாகையாக எடுத்துக்கொண்டால், முழுச் சுற்று முடிய வேண்டிய நான்காம் விநாடியில் கோணம் வெறும் 6.28 பாகையாகவே இருக்கும், உயரமும் 50இலிருந்து சுமார் 53 செ.மீ. வரைதான் ஏறும்.

அதைத் திருத்திய பின்னும் வரைபடம் கால் சுற்று விலகியே நிற்கும், ஏனெனில் சைன் நடு உயரத்தில் தொடங்குகிறது. ஆகவே,

உயரம் = 50 − 30 × கோசைன் (90° × நேரம்)

என்று எழுதினால், தொடக்கத்தில் 20, முதல் விநாடியில் 50, இரண்டாம் விநாடியில் 80 எனச் சரியாக வரும். அந்தக் கழித்தல் குறி எதற்கு என்பதைத் தயவுசெய்து மாணவர்களையே கண்டறிய விடுங்கள். இத்திட்டத்தின் உயிர்நாடி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கையால் சுழற்றிய சக்கரம் உராய்வால் வேகம் குறையும் என்பதால், ஒரே ஒரு சுற்றின் அளவுகளை மட்டும் எடுங்கள். கைப்பேசியை அச்சின் உயரத்திலேயே, சற்றுத் தள்ளி நேராக நிறுத்துங்கள்.