பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: 50 வயது வரை காத்திருக்கலாமா?

பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் இருக்கிறேன், வயது 46, அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, 50 வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம்.

50 என்பது தனி ஆபத்து எதுவும் இல்லாதவர்களுக்கான கணக்கு. பிரான்ஸின் திட்டம்தான் ரீயூனியனிலும்: 50 முதல் 74 வயது வரை, 2 ஆண்டுக்கு ஒருமுறை, இலவச மலப் பரிசோதனை. கிட் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். வீட்டில் மாதிரி எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டியதுதான்.

உங்கள் நிலைமை வேறு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு 65 வயதுக்கு முன் இந்நோய் வந்திருந்தால், 45 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பு, எது முந்தியோ அப்போதே கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செய்ய வேண்டும். ஆக, உங்களுக்கு நேரம் வந்துவிட்டது. அந்தக் கிட் உங்களுக்குப் போதாது. பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டி) புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். கொலோனோஸ்கோபியில் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். அப்புறம், அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் இதே கணக்குதான், அவர்களிடம் தயவுசெய்து பேசுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் வயதே பார்க்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.