கண்ணால் கண்டவர் சொல்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொலைக்காட்சியில் போர்ச் செய்திகளைத் தவறாமல் பார்ப்பது வழக்கம். சில நாட்களுக்கு முன் இடிந்த வீட்டின் முன்னால் நின்று ஒரு பெண், தன் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைச் சொல்லி அழுதார். அன்று இரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் என் மகனிடம் சொன்னபோது, "இதெல்லாம் ஏற்பாடு செய்வதுதான் அப்பா. குவைத்தில் இன்குபேட்டர் குழந்தைகள் என்று சொல்லி ஒரு பெண்ணை அழவைத்து உலகத்தையே ஏமாற்றவில்லையா?" என்றான். நேரில் கண்ட சாட்சிக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும். அதே சாட்சி தொலைக்காட்சியில் பேசும்போது அவர் சொல்வதை நம்புவதா, தள்ளிவிடுவதா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

தங்கள் மகன் குறிப்பிட்ட நிகழ்வு நடந்ததுதான். ஆனால் அதைப் பாதியளவில் நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வந்து சேர்கிறார்கள் என்பதால், முழுவதையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரின் மனித உரிமைக் குழுவின் முன் 15 வயதுச் சிறுமி ஒருத்தி பேசினாள். நயீரா என்ற பெயர் மட்டுமே சொல்லப்பட்டது. குவைத்தில் உள்ள உறவினர்களின் பாதுகாப்புக்காக முழுப் பெயர் மறைக்கப்படுவதாக விளக்கம் தரப்பட்டது. தான் தன்னார்வலராகப் பணியாற்றிய மருத்துவமனைக்குள் ஈராக்கியப் படைவீரர்கள் துப்பாக்கிகளோடு நுழைந்து, இன்குபேட்டர்களிலிருந்து குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதைக் கண்ணால் கண்டதாக அவள் அழுதபடி சொன்னாள். அன்றிரவே அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சிச் செய்தியில் அந்தக் காட்சி ஒளிபரப்பானது. அதிபர் புஷ் தன் உரைகளில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டிசம்பரில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு தன் அறிக்கையில் இப்படி இறந்த குழந்தைகள் 312 பேர் என்று எழுதியது. 1991 ஜனவரி 12 அன்று போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட் சபையில் 52க்கு 47 என்ற கணக்கில் நிறைவேறியது. அதை ஆதரித்துப் பேசிய உறுப்பினர்களில் சிலர் இந்தக் குழந்தைகளைக் குறிப்பிட்டார்கள்.

அந்தச் சிறுமி அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். இதை 1992 ஜனவரியில் ஜான் மக்ஆர்தர் என்ற இதழாளர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சாட்சியத்தை ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். நாடு கடந்து வாழ்ந்த குவைத் அரசின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்பு இந்தப் பிரச்சாரத்துக்காக அதற்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருந்தது. அமர்வைப் படம்பிடித்துத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பியதும் அந்த நிறுவனமே. நீதிமன்றத்தில் பணியாற்றிய தங்களுக்கு இன்னொரு செய்தி முக்கியமாகப் படும். அந்தக் குழு நாடாளுமன்றத்தின் முறையான குழு அன்று. உறுப்பினர்கள் தாமாகக் கூடி அமைத்துக்கொண்டது. எனவே சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் இல்லை, பொய் சொன்னால் தண்டனையும் இல்லை. திரையில் பார்த்தவர்களுக்கோ மேசை, ஒலிவாங்கி, வரிசையாக அமர்ந்த உறுப்பினர்கள் என எல்லாம் முறையான விசாரணை போலவே தெரிந்தன.

பின்னர் குவைத் அரசே அமர்த்திய க்ரோல் என்ற விசாரணை நிறுவனத்திடம் அந்தப் பெண், தான் அங்கே தன்னார்வலராக இருந்ததில்லை என்றும், சில நிமிடங்களே மருத்துவமனையில் இருந்ததாகவும், இன்குபேட்டருக்கு வெளியே ஒரே ஒரு குழந்தையை ஒரு கணம் பார்த்ததாகவும் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் ஒரு கணக் காட்சி ஒரு படுகொலையாக வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சிக்கு அவளைவிட அவளைச் சுற்றியிருந்த பெரியவர்களே பொறுப்பு என்று நான் கருதுகிறேன். குழுத் தலைவர்களில் ஒருவரான டாம் லாண்டோஸுக்கு அவள் யார் என்பது முன்பே தெரிந்திருந்தது.

இனி, தங்கள் மகன் விட்டுவிட்ட மறுபாதி. அந்தப் பொய் எப்படி வெளிப்பட்டது? போர் முடிந்த கையோடு, 1991 மார்ச்சில், ஏபிசி தொலைக்காட்சியின் செய்தியாளர் ஜான் மார்ட்டின் குவைத் மருத்துவமனைகளுக்கே சென்று அங்கே பணியாற்றிய மருத்துவர்களிடம் கேட்டார். ஊழியர்களும் செவிலியர்களும் நாட்டைவிட்டு வெளியேறியதால் கவனிப்பாரின்றி நோயாளிகள் இறந்தது உண்மை, குழந்தைகளை வெளியே வீசி இன்குபேட்டர்களைக் கொள்ளையடித்த கதை உண்மையில்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஏப்ரலில் ஆம்னஸ்டியும், நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்று தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. ஒரு பொய்ச் சாட்சியைக் கலைத்தவர்களும் நேரில் கண்ட சாட்சிகளே, அவர்களைக் காட்டியதும் தொலைக்காட்சியே. கண்டவர் எவரையும் நம்பக் கூடாது என்றால் குவைத்தில் நடந்ததும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். மேலும், ஆக்கிரமிப்பின்போது ஈராக்கியப் படைகள் குவைத்தில் செய்த கொலைகளும் சித்திரவதைகளும் கட்டுக்கதைகள் அல்ல. பொய்யே தேவைப்படாத ஒரு வழக்கில் பொய் சேர்க்கப்பட்டது. அதனால் அந்த உண்மைகளும் இன்று ஐயத்தோடு பேசப்படுகின்றன.

ஆகவே, நம்புவதா தள்ளுவதா என்ற கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்க விரும்புகிறேன். இந்தச் சாட்சி நின்ற இடத்திலிருந்து எதைக் கண்டிருக்க முடியும்? இப்போது யாருடைய பிடியில் நின்று பேசுகிறார்? அவர் சொன்னதை வேறு எவராவது சென்று சரிபார்க்க முடிந்ததா? இந்த மூன்றையும் நீதிமன்றம் கேட்கிறது. தொலைக்காட்சி பெரும்பாலும் முகத்தை மட்டும் காட்டிவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிறது. என் குறை சாட்சியின் மீதல்ல, சாட்சியைச் சுற்றியுள்ள சூழலை வெட்டி எறிந்துவிட்டுக் கண்ணீரை மட்டும் நமக்குத் தரும் செய்தி முறையின் மீது.

முதல் கேள்விக்கு, அண்மைய நிகழ்வு ஒன்றைப் பார்க்கலாம். 2023 அக்டோபர் 17 அன்று மாலை காசாவின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. அங்கே இருந்தவர்கள் நெருப்பையும் சிதைந்த உடல்களையும் கண்டார்கள். அதைப் பற்றிய அவர்கள் சொல்லை மறுக்க எவருக்கும் தகுதி இல்லை. ஆனால் வெடித்தது யாருடைய ஆயுதம் என்பது தரையில் நின்ற ஒருவரால் கண்ணால் காணக்கூடிய செய்தி அன்று. காசா அதிகாரிகள் இஸ்ரேலின் வான்தாக்குதல் என்றார்கள். இஸ்ரேல், பாலஸ்தீன ஆயுதக் குழுவின் தவறிய ராக்கெட் என்றது. வெடித்த இடத்துக் குழியையும், பல திசைகளிலிருந்து எடுக்கப்பட்ட காணொளிகளையும் வைத்து ஆய்வாளர்கள் பின்னர் நீண்ட விவாதம் நடத்தினார்கள். இஸ்ரேலே காரணம் என்ற ஹமாஸ் தரப்பின் கூற்றை முதல் செய்திகளில் அளவுக்கு மீறிச் சார்ந்திருந்ததாக நியூயார்க் டைம்ஸ் ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் குறிப்பு வெளியிட நேர்ந்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 60ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இந்த விதியைக் கைவிடவில்லை. பிள்ளையை இழந்து நிற்பவரிடம் ஒலிவாங்கியை நீட்டி "இதைச் செய்தது யார்?" என்று கேட்பது, அவர் கண்டதைக் கேட்காமல் அவர் நம்புவதைக் கேட்பதாகும். அவர் சொல்லும் பதில் தவறாகிவிட்டால், அவர் உண்மையிலேயே கண்டதும் அதோடு சேர்த்துத் தள்ளப்பட்டுவிடுகிறது.

கேட்கும் விதமும் நினைவை மாற்றுகிறது. 1974இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் நடத்திய உளவியல் ஆய்வில், கார் விபத்துப் படத்தைப் பார்த்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு பகுதியினரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, இரண்டாம் வகையினரில் ஆம் என்றவர்கள் முதல் வகையினரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. இவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. பதிலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்வியை முதல் விசாரணையில் அனுமதிக்கக் கூடாது என்ற விதி எதற்காக என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. நேரலையில் செய்தியாளர்கள் அப்படிப்பட்ட கேள்விகளைத் தவிர வேறு கேள்விகள் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் கேள்வி, யாருடைய பிடியில் என்பது. இதில் நம்மால் மறக்க முடியாத நிகழ்வு ஒன்று இருக்கிறது. 2009இல் வன்னிப் போர்ப் பகுதிக்குள் சுதந்திரமான செய்தியாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் எனத் தற்காலிக மருத்துவமனைகளை இடம் மாற்றிக்கொண்டே பணியாற்றிய அரசு மருத்துவர்கள் சிலர், எறிகணைகள் விழுவதையும் மக்கள் மடிவதையும் தொலைபேசி வழியே வெளியுலகச் செய்தி நிறுவனங்களுக்குச் சொன்னார்கள். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலை 8 அன்று கொழும்பில் செய்தியாளர் கூட்டத்தில், இன்னும் காவலில் இருந்த நிலையிலேயே, தாங்கள் சொன்ன எண்ணிக்கைகள் மிகையானவை என்றும் விடுதலைப் புலிகளின் வற்புறுத்தலால் சொன்னவை என்றும் அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் அவர்களுடைய பெயர், முகம், குரல் எல்லாம் தெளிவாகவே இருந்தன.

அவர்களைப் பிறழ் சாட்சிகள் என்று எழுதிவிடத் தங்களால் முடியுமா? காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று நம் சட்டமே விலக்கி வைத்திருப்பது, காவலில் இருப்பவரின் நாவு அவருடையதல்ல என்று அறிந்ததால்தான். அதே நியாயத்தை நேர்மையாகப் பயன்படுத்தினால், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தபோதும் அவர்கள் முழுச் சுதந்திரத்தோடு பேசியிருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? மூன்றாம் கேள்வி இங்கேதான் வருகிறது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதைச் செஞ்சிலுவைச் சங்கம் அப்போதே அறிவித்தது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் செயற்கைக்கோள் படங்களையும் பல தரப்புச் சாட்சியங்களையும் ஆராய்ந்து, இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் சாவுகளில் பெரும்பாலானவை அரசுப் படைகளின் எறிகணைகளால் நேர்ந்தவை என்றும், புலிகள் மக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்துத் தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள் என்றும், இறந்தவர்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாதென்றும் எழுதியது. மருத்துவர்கள் கொழும்பில் சொன்ன எண்ணிக்கை ஆயிரத்தையும் எட்டவில்லை. எந்தக் கூற்று மற்றச் சான்றுகளோடு பொருந்துகிறது என்பதைப் பார்த்தால், அவர்கள் குண்டுகளுக்கு நடுவே நின்று சொன்னதையே நான் ஏற்கிறேன்.

உக்ரைனின் பூச்சா நகரிலும் இப்படித்தான் உறுதியானது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் யாப்லுன்ஸ்கா தெருவில் கிடந்த உடல்களை உலகம் கண்டபோது, தன் படைகள் வெளியேறிய பிறகு அமைக்கப்பட்ட நாடகம் என்று ரஷ்யா சொன்னது. மார்ச் நடுவிலேயே, ரஷ்யப் படைகள் அங்கே இருந்தபோதே, அதே இடங்களில் உடல்கள் கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஊர்மக்கள் சொன்னதோடு அது ஒத்துப்போனது.

ஐயம் எப்போதும் அறிவின் அடையாளம் என்று கருதுவோருக்காக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் உலகப்போரில் பெல்ஜியத்தில் ஜெர்மன் படைகள் செய்த கொடுமைகளைப் பற்றி 1915இல் வெளிவந்த பிரிட்டனின் பிரைஸ் அறிக்கை, சத்தியப் பிரமாணம் இல்லாத, பெயர் மறைக்கப்பட்ட வாக்குமூலங்களை அடுக்கியது. டினான் நகரில் அறுநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டது உண்மை. அறிக்கையிலிருந்த பல கோரக் கதைகளுக்கோ சான்றில்லை. ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு ஒரு தலைமுறையை ஆட்கொண்டது. 1943இல் யான் கார்ஸ்கி என்ற போலந்து நாட்டவர், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவில் அவர்களுக்கு நேர்ந்ததைத் தன் கண்ணால் கண்டுவிட்டு வாஷிங்டன் வந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரிடம் சொன்னார். இவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, என்னால் நம்ப முடியவில்லை என்றுதான் சொல்கிறேன் என்றார் நீதிபதி, அவரும் யூதரே. எல்லாம் ஏற்பாடுதான் என்ற சொல்லால் இன்று பயனடைபவர் யார் என்று தங்கள் மகன் யோசிக்க வேண்டும். குண்டு வீசியவருக்கு அதைவிட வசதியான சொல் கிடையாது.

தாங்கள் பார்த்த அந்தப் பெண்ணைப் பற்றி என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் பெயர் சொல்லப்படாததே குற்றம் ஆகாது, பல போர்களில் பெயரைச் சொல்வது உயிரைக் கொடுப்பதாகும். செய்தியாளருக்காவது அவர் யாரென்று தெரியுமா என்பதே கேட்கத்தக்கது. நம் தமிழ் அலைவரிசைகளுக்குப் பெரும்பாலான போர்முனைகளில் சொந்தச் செய்தியாளர் இல்லை. ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் காட்சித் துண்டுகளையே பயன்படுத்துகிறார்கள். அவர் அரபியிலோ உக்ரைனிய மொழியிலோ பேசியது ஆங்கிலமாகி, பிறகு தமிழாகி, பின்னணி இசையோடு நம் வீட்டுக்கு வருகிறது. அந்தத் துண்டோடு, எடுத்த இடம், நாள், பேசியவர் யார், படம் நிறுவனத்துடையதா படைத்தரப்பு கொடுத்ததா என்னும் விவரங்கள் அடங்கிய குறிப்பும் அலைவரிசையின் செய்தி அறைக்கு வந்துசேர்கிறது. அதைத் திரையின் ஓரத்தில் இரண்டு வரியாகப் போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. அந்தச் செய்தி எந்த அலைவரிசையில், எந்தத் தேதியில் வந்தது என்று குறிப்பிட்டு, இந்த விவரங்களைக் கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள், வெளியிடுகிறேன். வராவிட்டால் அதையும் வெளியிடுகிறேன்.